காற்றில் போன எரு

"இது யாரோட நிலம்?"

வரப்பில் நின்று காவ்யஸ்ரீ கேட்டதும், பின்னால் வந்த இருபது பேரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னோடதுதான் தாயி." அழகம்மாள் முன்னே வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தாள்.

காவ்யஸ்ரீ வேளாண்மை அலுவலர். திருநகரிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். திருமங்கலத்தைச் சுற்றி ஏழெட்டு ஊர்கள் அவள் பொறுப்பு. அன்று அந்த ஊர் விவசாயிகளை நிலம் நிலமாகக் கூட்டிப்போய் விளக்கிக்கொண்டிருந்தாள்.

முக்கால் ஏக்கர் முழுக்க ஆட்டு எரு இறைத்துக் கிடந்தது. புரட்டாசி வெயிலில் காய்ந்து வெளுத்திருந்தது.

"எரு இறைச்சு எத்தனை நாளாச்சு?"

"திங்கக்கிழமை காலையில தாயி."

"இன்னைக்குச் சனிக்கிழமை. அஞ்சு நாளா உழாமப் போட்டு வச்சிருக்கீங்களா?"

பக்கத்தில் வந்து வாயெடுத்த டிராக்டர்காரன் அழகுபாண்டியின் கையைப் பிடித்து, அழகம்மாள் ஏதோ முணுமுணுத்தாள்.

காவ்யஸ்ரீ குனிந்து ஒரு கை அள்ளினாள். பக்கத்தில் நின்றவரிடம் நீட்டினாள்.

"மோந்து பாருங்கண்ணே. நெடி ஏதாச்சும் வருதா?"

"ஒண்ணுமில்லைங்க மேடம்."

"இறைச்ச அன்னைக்கு மூக்கைத் துளைச்சிருக்கும். அந்த நெடியாப் போறதே தழைச்சத்துதான். பயிரைப் பச்சையா வளர்க்கிறது அதுதான். அன்னைக்கே உழுது மண்ணுக்குள்ள தள்ளியிருந்தா மக்காச்சோளத்துக்குச் சேர்ந்திருக்கும். இப்ப, பயிருக்கு உடனே கிடைக்க வேண்டியது அத்தனையும் காத்துல போயிருச்சு. மிச்சம் கிடக்கிறது சக்கை."

கூட்டத்தில் ஒருவர் உச்சுக் கொட்டினார்.

"அங்க பாருங்க, மூலையில மட்டும் கொஞ்சம் கொத்திவிட்டிருக்காங்க. யாரை ஏமாத்த? போன வாரந்தானே இதே ஊர்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீங்களும் இருந்தீங்கல்லம்மா?"

"இருந்தேன் தாயி."

"அப்புறமும் இவ்வளவு அலட்சியமா?"

அழகம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"திங்கட்கிழமை பக்கத்து ஊர்ல செஞ்சு காட்டினோமே, போய்ப் பாருங்க. எரு இறைச்சு ஒரு மணி நேரத்துல உழுது முடிச்சோம். பெரிய அதிகாரிங்களே பாராட்டினாங்க. அழகுபாண்டி அண்ணே, உங்க டிராக்டர்தானே உழுதது? சொல்லுங்க."

"ஆமாங்க மேடம்" என்றான் அழகுபாண்டி. அவன் நிமிரவே இல்லை.

காவ்யஸ்ரீ போனை எடுத்தாள். காய்ந்த எருவை வீடியோ எடுத்தாள். அப்படியே அழகம்மாள் பக்கம் திருப்பினாள்.

"இதை எல்லா ஊர் குரூப்லயும் போடுறேன். எப்படிச் செய்யக் கூடாதுன்னு நாலு பேர் தெரிஞ்சுக்கட்டும்."

அழகம்மாள் முகத்தை மறைக்கவில்லை. எடுத்து முடிக்கும்வரை அப்படியே நின்றாள். பிறகு கும்பிட்டுவிட்டு, பஸ் வரும் பாதையில் நடந்துபோனாள்.

கூட்டம் கலைந்தது. காவ்யஸ்ரீ வீடியோவை அனுப்பிவிட்டு ஸ்கூட்டரில் சாவியைப் போட்டபோது அழகுபாண்டி வந்து நின்றான்.

"மேடம், அந்த வீடியோவை எடுத்துருங்களேன்."

"ஏண்ணே? உங்களுக்குச் சொந்தமா?"

"சின்னம்மா முறை. அவுக வீட்டுக்காரரு சோணைமுத்து மதுரை ஆஸ்பத்திரியில கிடக்காரு. வைத்தியத்துக்குன்னு இருந்த பன்னெண்டு ஆட்டையும் வித்தாச்சு. ஒரு வருசமா பட்டியில கூட்டிக் கூட்டிச் சேத்த எரு மேடம் அது. இனி சேக்கிறதுக்கு ஆடு இல்லை."

காவ்யஸ்ரீ கொஞ்சம் தணிந்தாள்.

"பாவந்தான். ஆனா, டிராக்டருக்கு முன்னாடியே சொல்லி வச்சுட்டுல்ல எருவை இறைக்கணும்?"

"சொல்லி வச்சிருந்தாக. என்கிட்டதான். திங்கக்கிழமை ஒம்போது மணிக்கு."

"அப்ப நீங்க ஏன் வரல?"

"வந்தேன் மேடம். கலப்பையை இறக்குறப்பத்தான் உங்க போன் வந்துச்சு. அதிகாரிங்க வந்து நிக்கிறாங்க, பேசி வச்ச டிராக்டர் ரிப்பேரு, எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு உடனே வாங்கன்னு சொன்னீக."

காவ்யஸ்ரீயின் கை சாவியிலேயே நின்றது.

"அங்க முடிச்சதும் உசிலம்பட்டிப் பக்கம் ஒத்துக்கிட்ட வேலை. விதைப்பு நேரம், வேற வண்டியும் கிடைக்கல. நேத்துச் சாயங்காலந்தான் திரும்புனேன். அதுக்குள்ள இவுக ரெண்டு நாளு மம்பட்டியால கொத்திப் பாத்திருக்காக. கை பொத்துப்போச்சு."

போனில் பதில்கள் வந்து விழ ஆரம்பித்திருந்தன. கட்டைவிரல் படங்கள். சிரிக்கிற முகங்கள். 'சோம்பேறிகள்' என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

காவ்யஸ்ரீ அவசரமாக வீடியோவை அழித்தாள். அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ, எங்கெல்லாம் அனுப்பினார்களோ.

"நான்தான் காரணம்னு அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"நீங்க போன்ல பேசுறப்ப என் பக்கத்துலதான் மேடம் நின்னாக."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லல? நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

"வாயெடுத்தேன் மேடம். சின்னம்மாதான் கையைப் பிடிச்சு நிப்பாட்டிருச்சு. 'எனக்குப் போனது போச்சுப்பா. அம்புட்டுப் பேரு முன்னாடி அந்தப் புள்ள தலைகுனிஞ்சு நிக்க வேணாம்'னு சொல்லிருச்சு."