திதிக்கு ஒரு பாக்கெட்

"இன்னைக்கும் குப்பைக்கூடையில ஒண்ணு கெடக்கு சித்தப்பா. சவால் விட்ட பெறவும் திமிரு அடங்கலை பாத்தியளா?"

காந்திமதிநாதன் காலி நூடுல்ஸ் பாக்கெட்டை, செத்த பல்லியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்த சித்தப்பா குமரகுருபரன் அதைப் பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவரில் விரித்திருந்த வாழையிலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வடை இருந்தது. காக்காய் வாய் வைத்த பிறகுதான் வீட்டாருக்குச் சாப்பாடு. அவருக்கோ சர்க்கரை வியாதி.

"இருக்கட்டும்லே. மொதல்ல காக்காயக் கூப்பிடு."

அன்று காந்திமதிநாதனின் அப்பாவுக்குத் திதி. அப்பா லேசுப்பட்டவர் இல்லை. ஆயுசில் ஓட்டல் படி மிதிக்காதவர். மெட்ராஸுக்கு ரயிலேறினாலும் கட்டுச்சோறுதான். அது தீர்ந்தால் பட்டினி. மகன் பொதுப்பணித் துறையில் சூப்பரின்டெண்ட். சாயங்காலங்களில் மாதர் சங்கங்களுக்குப் போய், 'தாய்மையும் தாளிதமும்' என்ற தலைப்பில் பேசுவார். அடுப்பு எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று தெரியாமலே ஒன்றரை மணி நேரம் பேசுவார்.

அவர் மனைவி விஜயஸ்ரீ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். ஆறரை மணிக்கே டூட்டிக்கு ஓட வேண்டும். காந்திமதிநாதன் எழுந்திருப்பது எட்டு மணிக்கு. போன மாசம் ஒருநாள், வயிற்றுக்கோளாறால் சீக்கிரம் எழுந்தவர், மகள் சுப்ரஜா நூடுல்ஸ் தின்பதைப் பார்த்துவிட்டார். சாமி வந்தவர்போல ஆடித் தீர்த்தார். ஆட்டத்தின் முடிவில் சவால் விட்டார்.

"அப்பா திதிக்கு ரெண்டு இலை வப்போம். ஒண்ணுல சமையல், ஒண்ணுல ஒன் பாக்கெட்டு. அப்பா பாக்கெட்டத் தொட்டுட்டாவன்னா நீ வேலைக்குப் போ, நான் வாயத் தொறக்கலை. தொடலைன்னா மறுநாளே ராஜினாமா."

விஜயஸ்ரீ அழவில்லை, வாதாடவில்லை. "மாமாவே வந்து சொன்னாச் சரிதான்" என்றாள். அதன் பிறகும் தினம் ஒரு காலி பாக்கெட் குப்பைக்கூடைக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

"பிள்ளையப் பாருங்க சித்தப்பா." காந்திமதிநாதன் மகளின் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினார். "இந்த ஒரு மாசத்துல கண்ணு உள்ள போயிட்டு, தோலு வெளிறிட்டு. எல்லாம் அந்தப் பாக்கெட்டு செய்யுத வேலை."

கன்னம் அவர் கைக்குள் அடங்காமல் பிதுங்கியது.

"வலிக்குப்பா" என்றாள் சுப்ரஜா.

"பேச்சே தெணறுது பாத்தியளா."

விஜயஸ்ரீ இரண்டாவது இலையைக் கொண்டுவந்து முதல் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதில் நூடுல்ஸ் மஞ்சளாக, நெளிநெளியாக ஆவி பறக்க இருந்தது.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். "அண்ணன் இத எப்படித் தாயி தின்பாவ? புழுன்னுல்லா நெனைப்பாவ."

"காக்காயா வாறவுக புழுன்னு நெனைச்சா நல்லதுதான சின்ன மாமா."

காந்திமதிநாதன் அவளை ஒரு முறை முறைத்துவிட்டு, குறுக்குத்துறை ஆற்றில் முழுகி வந்த ஈரத்துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கைகூப்பினார். "கா... கா... அப்பா, வாங்க."

கூப்பிட்டு வாய் மூடவில்லை, ஒரு காக்காய் வந்து இறங்கியது. சோற்றைத் தாண்டியது. வாழைக்காய்ப் பொரியலையும் வடையையும் தாண்டியது. பாயசத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக நூடுல்ஸில் மூக்கை வைத்து, நீளமாக ஒன்றை உருவியது.

"இது அப்பா இல்ல" என்றார் காந்திமதிநாதன். "அப்பா இவ்வளவு கறுப்பு கெடையாது."

இரண்டாவது காக்காயும் அங்கேதான் போனது.

"இதுவும் இல்ல. அப்பா நடை வேற."

அதற்குள் ஒரு பட்டாளமே வந்து இறங்கிவிட்டது. நூடுல்ஸ் இலையில் அடிதடி. சமையல் இலையில் ஈகூட இல்லை.

"இதுல ஒண்ணுகூடவாலே ஒங்கப்பன் இல்ல?" சித்தப்பா எழுந்துவிட்டார். "வம்சமே வந்து நிக்கி. அந்தா நொண்டுதுல்லா, அசல் எங்க அய்யா. தலை சுத்துதுலே, கீழ இலையப் போடச் சொல்லு."

அலகில் நூடுல்ஸ் தொங்க, ஒரு காக்காய் தண்ணீர்த்தொட்டி மேல் உட்கார்ந்து காந்திமதிநாதனை உற்றுப் பார்த்தது. பரீட்சையில் தோற்றுவிட்டு வந்த அன்று அப்பா பார்த்த அதே பார்வை.

"சரிப்பா" என்றார் காந்திமதிநாதன்.

ஆனாலும் பந்தியில் உட்கார்ந்து, பிரண்டைத் துவையலைத் தொடுவதற்குள் அவருக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. "மேல போனா மனசு விசாலமாயிரும் சித்தப்பா. அப்பா காலத்துக்கு ஏத்த மாதிரி மாறிட்டாவ." பிறகு விஜயஸ்ரீயிடம், "நீ தாராளமா வேலைக்குப் போ. நான் வாயத் தொறக்கலை" என்று சொல்லிவிட்டு, பாயசம் வரைக்கும் பேசினார்.

மறுநாள் காலை, வழக்கம்போல எட்டு மணி வரைக்கும் தூங்க முடியவில்லை. மாடியில் அப்படி ஒரு கூச்சல். ஏறிப் போய்ப் பார்த்தார். கைப்பிடிச் சுவர் நெடுகக் காக்காய்கள். நடுவில் இரண்டு இட்லி, தொடுவாரில்லாமல். அத்தனை காக்காய்களும் அவரைப் பார்த்துக் கத்தின.

கையில் நூடுல்ஸ் தட்டோடு சுப்ரஜா படியேறி வந்தாள்.

"காக்கா எதுக்குட்டி இந்தக் கத்து கத்துது? அதான் இட்லி வச்சிருக்குல்லா?"

"அதுக்குத்தாம்பா கத்துது. ஒரு மாசமா எனக்கு இட்லி, காக்காவுக்கு நூடுல்ஸ்னு வச்சிட்டு, இன்னைக்கு அம்மா மாத்தி வச்சிட்டு டூட்டிக்குப் போயிட்டா."