பெட்ரோல் சரியில்லை

"மெக்கானிக்காமா, மெக்கானிக்கு! மொதல்ல அந்த போர்டைக் கழட்டி வீசு!"

பெரியவர் பாலசுந்தரம் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையில் இருந்த லாரிக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காலைச் சாப்பாட்டுத் தூக்கோடு பட்டறைக்குள் நுழைந்த அமுதவல்லிக்கு உடம்பு கூசியது. சந்தை நாளானால் வாராவாரம் இதே கூத்துதான். பெரியவரின் பழைய ஃபியட் கார் பட்டறைக்கு வந்து மாசக்கணக்காகிறது.

"நானும் பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன். பெட்ரோல் சரியில்லைங்க," என்றார் அவள் கணவர் மணிமாறன், அலுப்போடு.

"என்னய்யா பெட்ரோல்? ஈயம் கலக்காத பெட்ரோல் வந்தப்ப ஊர்ல இருந்த பழைய காரெல்லாம் வால்வு தேஞ்சு படுத்துக்கிச்சு. அன்னைக்கு வால்வு சீட்டு மாத்தி இதே வண்டிய ஓட வெச்சவன் நீதான?"

"ஆமாங்க."

"இப்ப எத்தனால் கலக்கறாங்கன்னா அதுக்குத் தக்கன மாத்து! தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லு!"

கார் பானெட்டின் மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு திட்டினார்.

"தெரியலீங்க," என்றார் மணிமாறன்.

டீக்கடையில் ஒருவன் சிரித்தான். "அண்ணனுக்கு ஈயத்தோட சேத்து மூளையும் போயிருச்சாட்ட இருக்குது!"

வாசலில் வந்து நின்ற வேன்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, இறங்காமலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

பெரியவரின் மனைவி நர்மதா சாலைக்கு அந்தப் பக்கம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'போதும், விடுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கணவர் திட்டி முடித்ததும் வந்து அவர் கையைப் பிடித்து பஸ் ஏற்றிக் கூட்டிப் போனாள்.

அமுதவல்லி தூக்கை டொக்கென்று வைத்தாள்.

"தெரியலீங்களாமா! ஈயம் எடுத்த வருசம் மேட்டூர்ல இருந்தெல்லாம் உங்களைத் தேடிக்கிட்டு சங்ககிரிக்கு வந்தாங்க. நமக்குன்னு இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் தொலைச்சுட்டு நிக்கறீங்க. வளைஞ்சு கெடக்கற போர்டை நிமித்தக்கூட உங்களுக்குக் கை வரல!"

மணிமாறன் பஸ் கண்ணை விட்டு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

ஒரே திருகு. இருமல் இல்லை, புகை இல்லை. எஞ்சின் சீராக ஓடியது.

"பெட்ரோல் போற ரப்பர் ஓஸெல்லாம் மாத்தி முடிச்சு ரொம்ப நாளாச்சு. தெனமும் காலையில கொஞ்ச நேரம் ஓட வெக்கறேன்."

"அப்புறம் ஏனுங்க இந்தப் பேச்சு வாங்கறீங்க?"

"நம்ம போர்டு எப்படி வளைஞ்சுச்சு? வண்டிய உடறதுக்கு வந்தன்னைக்கு நேரா அது மேல ஏத்துனாரு. எறங்கி வந்து, 'போர்டை யாருய்யா நடுரோட்டுல வெச்சது'ங்கறாரு. அது எப்பவும் நிக்கற எடத்துலதான் நின்னுச்சு."

அமுதவல்லி வளைந்து கிடந்த போர்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த நாளே அந்தம்மா தனியா வந்து அழுதுச்சு. அவருக்கு ரெண்டு கண்ணும் போயிட்டிருக்குது, இனி வைத்தியம் இல்லைன்னு டாக்டரு அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லியிருக்காரு. தெரிஞ்சா மனுசன் ஒடஞ்சு போயிருவாராம். வண்டிய மட்டும் குடுத்துராத தம்பின்னு கையப் புடிச்சுக்கிச்சு. சரி, பழி பெட்ரோல் மேல போகட்டும்னு உட்டுட்டேன்."

"பெட்ரோல் மேலயா போகுது? உங்க மேல போகுது! அவங்க புருசன் மனசு ஒடையக் கூடாது, என்ற புருசன் பேரு கெட்டாப் பரவாயில்லையா?"

அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. புதிதாக ஒரு வண்டிகூடப் பட்டறைப் பக்கம் வரவில்லை. அடுத்த சந்தை நாளில், உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்ற முடிவோடு காருக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டாள்.

பாலசுந்தரம் வந்தார். நர்மதா வழக்கம்போல் அந்தப் பக்கமே நின்றுகொண்டாள். அவர் பானெட்டில் கையை ஊன்றினார்.

"ஏய்யா, இன்னுமா..."

"ஐயா!" அமுதவல்லி குறுக்கே புகுந்தாள். "என்ற ஊட்டுக்காரரை இனி ஒரு வார்த்த சொல்லாதீங்க. வண்டி நல்லாத்தான் இருக்குது. கோளாறு வண்டியில இல்லீங்க, உங்க..."

"மெதுவாப் பேசு சாமி."

அவர் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. பானெட்டின் மேலிருந்த கையை எடுக்கவில்லை.

"வாராவாரம் தொட்டுப் பாக்கறேன், கதகதன்னு இருக்குது. நெழல்ல நிக்கற ஓடாத வண்டிக்கு ஏது சூடு? என்ற கண்ணு என்ன நெலமையில இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏனுங்க இப்படி..."

"எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சுதுன்னா அன்னைக்கே ஒடஞ்சு போயிருவா. இப்ப, எங்கிட்ட இருந்து மறைச்சுட்டோம்னு நிம்மதியாத் தூங்கறா. நான் இங்க வந்து கத்துனாத்தான் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நம்புவா. உம்புருசன் பொறுத்துக்கறான். நீயும் கொஞ்சம் பொறுத்துக்க ஆத்தா."

அமுதவல்லி நிமிர்ந்து பார்த்தாள். நர்மதா குடையைத் தாழ்த்திவிட்டு, என்ன பேசுகிறார்களோ என்ற பயத்தோடு சாலையில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். டீக்கடை மொத்தமும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அமுதவல்லி ஒரு பெருமூச்சு விட்டாள். கணவர் பக்கம் திரும்பி, சாலைக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும்படி கத்தினாள்.

"ஏனுங்க, பெரியவரு கேக்கறதுல என்ன தப்பு? தொழில் தெரியாத ஆளுகிட்ட வண்டிய உட்டா இப்படித்தான் ஆகும்!"