அடுத்த வாரப் படம்

விளக்கு அணைந்ததும் கிரிசெல்தா கடைசி வரிசைக்குப் போனாள். தோன் ரெமிகியோவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவர் காதோரம் குனிந்தாள்.

மேலே, படம் ஓட்டும் அறையின் சின்னச் சன்னல் வழியாக அவள் கணவன் எவேலியோ பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதமாக இதே கூத்து.

மெக்சிகோவின் ஹலாபா நகரில் அறுபதே நாற்காலி போட்ட அந்தத் தியேட்டர் அவர்கள் இருவருடையது. படங்களைத் தேர்ந்தெடுப்பவள் அவள்; ஓட்டுகிறவன் அவன். அவள் வரவழைக்கும் வெளிநாட்டுப் படங்கள் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. திரையின் அடியில் எழுத்து ஓட ஆரம்பித்தாலே தூக்கம் கண்ணைச் சுழற்றும். இப்போதெல்லாம் அந்தத் தூக்கமும் போயிற்று.

ஊரே மரியாதையாகத் 'தோன்' போட்டு அழைக்கும் ரெமிகியோ மனைவியை இழந்தவர். கடைத்தெருவில் மூன்று மரச்சாமான் கடைகள். அறுபதைத் தாண்டியும் முதுகு வளையவில்லை. வெள்ளைத் தொப்பி, பளபளக்கும் காலணி, கக்கத்தில் மடித்த செய்தித்தாள். எவேலியோவுக்கோ பத்து வயது குறைவு, ஆனால் சட்டைப் பொத்தான் தொப்பையில் இழுபடும்.

சோளப்பொரி விற்கும் சாயோவும் சும்மா இருப்பதில்லை. "என்ன எவேலியோ, உன் வீட்டம்மாவுக்குக் கடைசி வரிசைதான் ராசி போல?" என்றாள், பொரியின் மேல் மிளகாய்ச் சாற்றை ஊற்றிக்கொண்டே. "நீயும் ஒரு வெள்ளைத் தொப்பி வாங்கிக்கோயேன்!"

"உன் வேலையப் பாரு."

"நான் என் வேலையத்தான் பாக்குறேன். இங்க சில பேருதான் படத்தப் பாக்க மாட்டேங்கறாங்க."

அன்று படம் விட்டபோது வெளியே தூறல். வாசலில் 'வரவிருக்கும் படங்கள்' பலகை நின்றது. கிரிசெல்தா தன் கையாலேயே கொட்டை எழுத்தில் தீட்டியது. ரெமிகியோ அதன் முன்னால் வந்து நின்றார்.

"அடுத்த வாரம் என்னென்ன படம்? உங்க வாயால சொல்லுங்க, கேப்போம்."

"செவ்வாய்க்கிழமை ஈரான் படம். வியாழக்கிழமை ஜப்பான் படம், காதல் கதை. சனிக்கிழமை நம்ம மெக்சிகோ படம்."

"அப்ப சனிக்கிழமை உங்களுக்குத் தொந்தரவு இல்ல. தனியாவே பாத்துக்குவேன்," என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

கதவுக்குப் பின்னால் நின்று எவேலியோ எல்லாவற்றையும் கேட்டான். சனிக்கிழமை அரங்கு நிறைந்துவிடும். ஊர் பார்க்குமே என்று இவர்களுக்குப் பயம். வியாழக்கிழமை காதல் கதைக்கு மட்டும் பயமில்லையோ?

வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். "அந்த ஆள் காதுல அப்படி என்னதான் சொல்ற?"

சோள ரொட்டியைத் திருப்பிப் போட்ட அவள் கை அப்படியே நின்றது. "அத மட்டும் கேக்காதப்பா."

"நான் உன் புருஷன்டி."

"அதனாலதான் கேக்காதன்னு கெஞ்சுறேன். கொஞ்சம் நம்பேன்."

அவன் நம்பவில்லை. அவள் வெறுமனே மறுத்திருந்தால்கூட நம்பியிருப்பான்.

வியாழக்கிழமை ஆறு மணிக் காட்சி. படம் பாதியைத் தாண்டியதும், எவேலியோ செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிறங்கி வந்தான். இருட்டில் கடைசி வரிசைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். திரைப் பக்கம் அவன் பார்வை போகவில்லை. ஒட்டியிருந்த அந்த இரண்டு தலைகளைத்தான் பார்த்தான்.

கிரிசெல்தாவின் குரல் தழுதழுத்தது. "எத்தனை வருஷமா உங்களையே நெனச்சுக்கிட்டு இருக்கேன். இந்த வீட்டுல இனி இருக்க முடியாது. என்னக் கூட்டிட்டுப் போயிடுங்க..."

ரெமிகியோ கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எவேலியோ சுவரில் விளக்குப் பொத்தானை ஓங்கித் தட்டினான். அரங்கு முழுவதும் வெளிச்சம். ஒரே நேரத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லாரும் நல்லாப் பாருங்க!" அவன் குரல் கிழிந்தது. "என் பொண்டாட்டி! கூட்டிட்டுப் போயிடுங்கன்னு கெஞ்சுறா. இந்தக் காதால கேட்டேன்!"

சாயோ பொரித் தட்டோடு வாசலில் உறைந்துபோனாள்.

கிரிசெல்தா எழுந்தாள். எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். ரெமிகியோவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். "நான் வாக்குக் குடுத்திருக்கேன் எவேலியோ. சொல்ல மாட்டேன்."

"வாக்கு வேறயா! அப்ப அவர்கூடவே போ. இப்பவே கெளம்பு. வீட்டுப் பக்கம் வராத."

அவள் கண் நிறைந்தது. நாற்காலியில் கிடந்த சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"நில்லுங்கம்மா," என்றார் ரெமிகியோ.

அவர் மெதுவாக எழுந்தார். முன்வரிசையில் அவருடைய வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். போன மாதம்தான் அவரை வணிகர் சங்கத் தலைவராக்கிய இரண்டு பேரும் இருந்தார்கள். அவர்களை ஒருமுறை பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். முகம் கழுத்துவரை சிவந்திருந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. படத்துக்கு அடியில ஓடுற எழுத்தத்தான் அவங்க வாசிச்சுச் சொன்னாங்க."