மூன்று நாவல்களைத் துளைத்த புழு

நூலகத் தட்டில் நெருங்கி நின்ற மூன்று நாவல்களை ஒரே நேர்கோட்டில் துளைத்து முடித்த புத்தகப்புழு, வெளியே தலைநீட்டிச் சீறியது.

"எறும்பாரே, இந்த அநியாயத்தைக் கேளும்! ஜமீன்தாரைக் கொன்றவன் யாரென்று அறியவே ஒரு மாதம் உறங்காமல் துளைத்தேன். துப்பறிபவர் அவனை நெருங்கியதும், யாரோ இருவர் கொடைக்கானலில் காதலிக்கத் தொடங்கிவிட்டனர். பொறுத்தேன். தாலி கட்டும் வேளையில் புளியமரத்திலிருந்து பேய் இறங்குகிறது! கொலை என்னவாயிற்று? எழுதியவருக்கு வெட்கமில்லையா?"

"இடையில் தடித்த அட்டைகள் வந்தனவா, புழுவாரே?"

"வந்தன. சுவையற்ற பகுதிகள். வாசிக்காமலே விழுங்கினேன்."

"நல்ல வாசகர் நீர்! அவை மூன்று வெவ்வேறு நாவல்கள். கொலையாளியின் பெயர் முதல் நாவலின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்."

"உடனே பார்த்து வந்து சொல்லும்! அது தெரியாமல் எனக்கு உறக்கம் வராது."

எறும்பு துளைவழியே சென்று திரும்பியது.

"'ஜமீன்தாரைக் கொன்றவர்' என்பது வரை இருக்கிறது. அதற்கடுத்து உமது துளைதான் இருக்கிறது. பெயரை நீரே தின்றுவிட்டீர்."

புழு இன்னும் கொதித்தது.

"தின்றவனுக்கே நினைவில் நிற்காத பெயரை வைத்தாரே, அந்த எழுத்தாளரையல்லவா முதலில் சிறையில் அடைக்க வேண்டும்!"