மதிலுக்கு அந்தப் பக்கம்

மழை விட்ட காலையில், ஆளுக்கொரு கூட்டை முதுகில் சுமந்தபடி நத்தைக் குடும்பம் ஒரு கல்லடியிலிருந்து ஊர் சுற்றக் கிளம்பியது. மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒரு வாரமாக அரித்தெடுத்த குட்டிச் சுழியன்தான் முன்னால் ஊர்ந்தான்.

பாதி மதில் ஏறியதும் அப்பா நத்தை சட்டென்று நின்றார்.

"வீட்டைப் பூட்டினியா?"

"நீங்க பூட்டியிருப்பீங்கன்னுல்ல நான் இருந்தேன்" என்றாள் அம்மா.

சுழியன் அப்பாவின் முதுகைப் பார்த்தான். பிறகு தன் முதுகையும் எட்டிப் பார்த்தான்.

"அப்பா, நம்ம வீடு..."

"பேசாம இறங்கு. வீட்டைத் திறந்து போட்டுட்டு என்ன ஊர் சுத்தல் வேண்டிக் கிடக்கு?"

கிளம்பிய கல்லுக்குத் திரும்புவதற்குள் வெயில் ஏறிவிட்டது. வேறு வழியில்லாமல் மூவரும் கூட்டுக்குள் புகுந்தார்கள். அப்பா உள்ளே சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார்.

"நல்லவேளை, எதுவும் களவு போகல. எங்க போனாலும் நம்ம வீடு மாதிரி வருமா?"

"அந்தப் பக்கம் போயிருந்தாலும் இதே வீட்டுலதானே அப்பா படுத்திருப்போம்?" என்று சுழியன் தன் கூட்டுக்குள்ளிருந்து கேட்டான்.

அப்பாவின் கூட்டு வாய் இறுக மூடியிருந்தது. இந்தத் தடவை அப்பா மறக்காமல் பூட்டிவிட்டுத்தான் படுத்திருந்தார்.