ஆறடி மெத்தை

"அஞ்சடி போதுங்க. உள்ள பருத்தியே போடுங்க, இலவம்பஞ்சு வாணாம்" என்றான் சக்கரபாணி.

மெத்தைக் கடைக்காரர் அளவு நாடாவைச் சுருட்டியபடி, பெஞ்சில் அமர்ந்திருந்த அவனுடைய தாய் பச்சையம்மாளைப் பார்த்தார். கால் முறிந்து ஓராண்டாக நடக்க இயலாதவள். ரிக்‌ஷாவிலிருந்து அவளைத் தூக்கி வந்து உட்கார வைத்த மருமகள் கஸ்தூரி, இடுப்பில் கையூன்றிச் சுவரோரம் நின்றாள். பஞ்சு நிறுக்கும் தராசுக் கம்பி அவள் தலையில் இடித்தது, அவ்வளவு உயரம்.

"ஆறடி. இலவம்பஞ்சு" என்றாள் பச்சையம்மாள்.

"எம்மா, நீ நின்னப்பவே என் தோளுக்கு வரமாட்ட. ஆறடி எதுக்கு?"

"கால நீட்டிப் படுக்க."

"நீட்டினாலும் கீழ ஒரு அடி சும்மா கெடக்கும்."

"கெடக்கட்டும். உங்கப்பன் ஊட்டுல கால நீட்ட எடம் எங்க இருந்துச்சி?"

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பருத்தின்னா எழுபது ரூபாய்ல முடிச்சிடலாங்க. அம்மா கேக்கறது நூத்தி எம்பது ஆவும்."

சக்கரபாணி நெல் மண்டியில் குமாஸ்தா. தாயிடம் மரியாதை உள்ளவன். ரூபாயிடம் அதைவிடச் சற்றுக் கூடுதலாக. கடைக்காரரை ஒருபுறமாக அழைத்துப் போய்க் குரலைத் தணித்தான்.

"வயசானவங்க, எப்ப இன்னா ஆவும்னு சொல்ல முடியாது. உசுரு போன மெத்தைய ஊட்டுல வெச்சிக்க முடியுமா? தூக்கித் தெருக்கோடியில போடறதுக்கு எதுக்குங்க இவ்ளோ ஜாஸ்தி?"

தணிந்த குரல் போதிய அளவு தணியவில்லை.

"டேய், எனக்குப் போனது கால்தான். காது போவல" என்றாள் பச்சையம்மாள். "பெத்தவ படுக்கறதுக்கு கம்மியா இன்னா இருக்குதுன்னு தேடற. கேக்கறவங்க கேக்கட்டும், இன்னும் சத்தமாச் சொல்லு."

கடையிலிருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தனர். சக்கரபாணி பணத்தை எடுத்தான்.

"துணி கெட்டியா இருக்கணும்" என்று அவள் கடைக்காரரிடம் சொன்னாள். "வருசக்கணக்குல ஒழைக்கணும்."

நடமாட்டமற்ற முதியவளுக்கு வந்த ஆசையைக் கண்டு கடைக்காரரே வியந்தார்.

மெத்தை வந்தது. பச்சையம்மாள் அதன்மேல் ரப்பர் ஷீட்டை விரிக்கச் செய்து, அதற்கும் மேல்தான் படுத்தாள். ஒரு கறை படக் கூடாது. வேறு எவரும் உட்காரக் கூடாது. வெயில் கண்ட நாளெல்லாம் சக்கரபாணி அதைச் சுமந்து மாடிக்குப் போக வேண்டும்.

கஸ்தூரி கட்டிலின் கீழே பாயில் படுத்தாள். இரவில் மாமியார் கூப்பிட்டால் எழுந்து தூக்க வேண்டுமே.

தெருக்குழாயில் அண்டை வீட்டுச் சரசு விடவில்லை.

"இடுப்பு வலிக்கு உன்னையுந்தான டாக்டர் தரையில படுக்காதன்னாரு? அதுக்கு உங்க ஊட்டுக்காரரு வாயத் தொறந்தாரா? உன் மாமியாளுக்குத்தான் ஒரு வார்த்த சொல்லத் தோணுச்சா? மகாராணிக்கு இலவம்பஞ்சு, மருமவளுக்குக் கோரப்பாய்."

"பெரியவங்க. கொஞ்ச நாள் சொகமா படுத்துட்டுப் போறாங்க, விடுக்கா."

சொன்னாளே தவிர, குடத்தைத் தூக்கியபோது இடுப்பில் பிடித்த வலி மனத்திலும் பிடித்தது.

ஐப்பசி மழையில் பச்சையம்மாளுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. பார்க்க வந்த டாக்டர், உறவினர்களுக்குச் சொல்லி அனுப்பும்படி வாசலில் நின்று சக்கரபாணியிடம் கூறிவிட்டுப் போனார்.

அவன் உள்ளே வந்ததும் தாய் சொன்னாள்: "என்னக் கீழ எறக்கு."

"அதுக்கு இன்னும் நேரம் வர்லம்மா."

"வந்தப்புறம் சொல்றதுக்கு எனக்கு வாய் இருக்குமா? எறக்குடா."

இறக்கினான். ஜன்னல் வழியே ஊர்க் கோயில் மலை தெரியும் இடமாகப் பார்த்துப் பாயில் கிடத்தினான். செய்தி பரவி, தெருவே வந்து பார்த்தது.

"ஆசப்பட்டு வாங்கின மெத்தைய ஒரே நொடியில ஒதறிட்டா பாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவள் சரசுவேதான். "மலையப் பாத்துக்கினு மண்ணுல கெடக்கறா. புண்ணியவதி."

சக்கரபாணி கண்களைத் துடைத்துக்கொண்டான். தன் தாயின் பற்றற்ற நிலையைப் பற்றி மேலும் இருவரிடம் சொல்ல வாசலுக்குப் போனான்.

கூட்டம் கலைந்ததும் கஸ்தூரி பாயருகே மண்டியிட்டாள். கிழவியின் கைகள் சில்லிட்டிருந்தன.

"தர ஈரமா இருக்குது அத்த. நான் தூக்கறேன், மெத்தைக்கே போயிடலாம்."

"தொடாத. கதவச் சாத்திட்டு வா."

சாத்திவிட்டு வந்தாள். பச்சையம்மாள் மூச்சைத் திரட்டிக்கொண்டு, வழக்கமான அதட்டல் குரலிலேயே பேசினாள்.

"என்னத் தூக்கித் தூக்கித்தான் உன் இடுப்பு போச்சி. நாலு பேரு எதிர்ல எனக்குன்னு கேட்டதால அவன் வாங்கினான். அதுமேல நான் செத்தேன்னா தெருவுல போட்டுடுவான். அப்புறம் உன் ஒசரத்துக்கு எவன்டி மெத்த வாங்கித் தருவான்?"