இனிக்கப் பேசும் இயந்திரம்

மாற்றுத்திறனாளிகள் பெருமித விழாவில் பேசுவதற்காகக் காது கேளாத ரெஜினாவை அழைத்திருந்தார்கள். அவள் சைகையில் பேசப் பேச, மேடையிலிருந்த இயந்திரம் அதைத் தேன்குரலில் தமிழாக்கியது. அது வந்ததிலிருந்து சைகை தெரிந்த மனிதர்களை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை.

"எங்க பள்ளிக்கூடத்த மூடிட்டு எங்களுக்கே விழாவா? வெக்கமா இல்ல?" என்று ரெஜினாவின் கைகள் சீறின.

"உங்கள் அன்புக்கு எப்படி நன்றி சொல்வேன்!" என்றது இயந்திரம்.

கூட்டம் கைதட்டியது. சிறப்பு விருந்தினராக வந்திருந்த அமைச்சர் கண்களைத் துடைத்துக்கொண்டார். ரெஜினாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னும் வேகமாகத் திட்டினாள். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

முன்வரிசையிலிருந்த மகள் ஜெனிட்டா மேடையேறினாள். "எங்கம்மா நன்றி சொல்லல சார், திட்டுறாங்க!"

"தெரியும்மா," என்று விழாத் தலைவர் கிசுகிசுத்தார். "மெஷின்ல மரியாதையக் கூட்டி வெச்சதே நாங்கதான். மினிஸ்டர் வந்திருக்காருல்ல?"

ஜெனிட்டா இயந்திரத்தை அணைத்தாள். நடந்ததைத் தாய்க்குச் சைகையில் சொல்லிவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தாள். ரெஜினா முதலிலிருந்து ஆரம்பித்தாள். மகள் ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

பாதியிலேயே அமைச்சர் எழுந்து நடந்தார். அவருடைய முதுகைப் பார்த்த பிறகுதான், தான் பேசியது போய்ச் சேர்ந்தது என்று ரெஜினா நம்பினாள்.